இடது சீட்டில் யார்? ப்ரோபாக்ஸா, எர்டிகாவா

பர்மாவில், பெகு நகரில் உளுந்து வாங்கி விற்கும் என் மச்சான் பத்து நாளாக விடாமல் போன் செய்கிறார். "அத்தான், ப்ரோபாக்ஸா எர்டிகாவா, ஒரே வார்த்தை சொல்லுங்க. மத்ததை நான் பாத்துக்கறேன்." வீட்டில் அவர் அக்காவோ, "எதையாவது சொல்லித் தொலைங்களேன், அவன் வண்டி எந்த நேரம் ரோட்டுல படுக்குமோ" என்கிறாள். அந்த வண்டி ஒரு பழைய நிசான் ஏடி வேன். அடித்தகடு துருப்பிடித்து, கால் வைக்கிற இடத்தில் சாலை தெரிகிறது. இதற்கு மேல் ஒட்ட இடமில்லை என்று வெல்டிங்காரரே கைகூப்பிவிட்டார்.

போனில் சொன்னால் பாதிதான் காதில் விழும், அதுவும் அவருக்குப் பிடித்த பாதி. அதனால் எழுதிவிடுகிறேன். இதே குழப்பத்தில் இருக்கும் ரங்கூன், மோல்மேன் சொந்தங்களுக்கும் பயன்படலாம். தமிழ்நாட்டிலிருந்து படிப்பவர்கள், "பழைய டொயோட்டா ப்ரோபாக்ஸா, புது சுசுகி எர்டிகாவா, இதில் என்ன பெரிய யோசனை" என்று நினைக்கலாம். இந்த நாட்டில் யோசனை வேறு இடத்தில் தொடங்குகிறது.

பர்மாவில் 1970 வரை வண்டிகள் தமிழ்நாட்டைப் போலவே சாலையின் இடப்பக்கம்தான் ஓடின. அந்த ஆண்டு நே வின்னின் ராணுவ அரசு எல்லாரையும் வலப்பக்கம் மாற்றிவிட்டது. சோதிடர் சொன்னார், அதனால்தான் என்பது ஊர்க்கதை. அது மெய்யோ பொய்யோ, சாலை மாறியதே தவிர வண்டி மாறவில்லை. ஜப்பானிலிருந்து வந்த பழைய வண்டிகள் எல்லாவற்றுக்கும் ஸ்டியரிங் வலப்பக்கம். ஐம்பது வருடங்களாக வலப்பக்கச் சாலையில் வலப்பக்க ஸ்டியரிங்கைப் பிடித்தபடி ஓட்டிக்கொண்டிருக்கிறோம். பழைய பஸ்களில் படி இடப்பக்கம் இருந்ததால் ஜனங்கள் நடுரோட்டில் இறங்கியதை என் வயதுக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பஸ்ஸில் இருக்கும் உதவியாளுக்கு இங்கே ஸ்பேர் என்று பெயர். அவன் குதித்து இறங்கிக் கையை நீட்டி மற்ற வண்டிகளை நிறுத்திய பிறகுதான் பாட்டிமார் இறங்குவார்கள். 2017 ஜனவரியில் ரங்கூன் பஸ்களை ஒய்பிஎஸ் என்று திருத்தி அமைத்துப் புது வண்டிகள் வந்த பிறகுதான் நகரத்துக்குள் அந்தக் கூத்து அடங்கியது.

கார் கதை இதைவிட மோசம். 2011க்கு முன் இறக்குமதி அனுமதி என்பது பெரிய இடத்து விவகாரம். இருபது வயதான நிசான் சன்னிக்கும், நாம் சூப்பர் ரூஃப் என்று கூப்பிட்ட டொயோட்டா வேனுக்கும் பல்லாயிரம் டாலர் விலை இருந்தது. வேறு நாட்டில் காயலான் கடைக்குப் போயிருக்க வேண்டிய தகரத்தை நாங்கள் நகை மாதிரி துடைத்து வைத்திருந்தோம். 2011 செப்டம்பரில், கிழட்டு வண்டியை ஒப்படைத்தால் இறக்குமதி அனுமதி தருகிறோம் என்று திட்டம் வந்ததும் ஜப்பான் வண்டிகள் கப்பல் கப்பலாக இறங்கின. ப்ரோபாக்ஸ், ஃபிட், விட்ஸ், விஷ் எல்லாம் அப்போது வந்தவை. பிறகு 2017, 2018 வாக்கில் சட்டம் திரும்பியது. வெளியிலிருந்து வரும் சொந்த உபயோகக் கார்களுக்கு இனி இடப்பக்க ஸ்டியரிங்தான் என்றார்கள். ஆகவே மச்சான் பார்க்கும் ப்ரோபாக்ஸ் எல்லாமே அந்தக் கதவு மூடுவதற்கு முன் உள்ளே வந்தவை. எர்டிகாவோ இங்கேயே பூட்டப்பட்டது. முதலில் ரங்கூன் தெற்கு டகோனில் பூட்டினார்கள், 2018இல் திலாவாவில் புதுத் தொழிற்சாலை திறந்தார்கள். பிறக்கும்போதே அதற்கு ஸ்டியரிங் இடப்பக்கம்.

மற்றது எல்லாம் இதற்குப் பிறகுதான். எந்தப் பக்க ஸ்டியரிங் என்பதிலிருந்துதான் முந்துவது, பழுது பார்ப்பது, விற்பது எல்லாம் கிளைக்கின்றன.

முந்துவதை எடுத்துக்கொள்வோம். வலப்பக்கச் சாலையில் முன்னால் போகும் லாரியைத் தாண்ட இடப்பக்கம் விலக வேண்டும். ஓட்டுகிறவர் வலது சீட்டில் இருந்தால் லாரியின் முதுகுதான் தெரியும். எதிரே என்ன வருகிறது என்று பார்க்க வண்டியின் முக்கால் உடம்பை எதிர்த்தடத்தில் நீட்ட வேண்டும். அதற்குள் எதிரே வருவது ஒரு நெடுந்தூர பஸ் என்றால் மீதியைச் சொல்ல ஆள் இருக்காது. இதற்கு நாங்கள் கண்டுபிடித்த மருந்து இடது சீட்காரர். அவருக்கு முதலில் தெரியும். "வருது, வருது... லாரி... இப்ப போ!" என்பார். என் கல்யாணத்துக்குப் பிறகு என் மனைவி முதலில் கற்றது பர்மிய சமையலை அல்ல, இந்தப் பார்வையைத்தான். இன்றைக்கும் அவள் கண் அசந்தால் நான் லாரிக்குப் பின்னாலேயே போய்க்கொண்டிருப்பேன்.

ராத்திரியில் இன்னொரு வில்லங்கம். இடப்பக்கம் ஓடும் நாட்டுக்காகச் செய்த முகப்பு விளக்கில், தாழ்ந்த ஒளி இடது ஓரத்தில் சற்று மேலே ஏறும்படி வெட்டப்பட்டிருக்கும். ஓர நடைபாதை ஆட்கள் தெரிவதற்காக ஜப்பான்காரன் செய்த ஏற்பாடு. இங்கே இடது ஓரம் என்பது எதிரே வருகிறவனின் கண். அவன் கோபத்தில் ஹைபீம் அடிப்பான், நாம் ஏனென்று தெரியாமல் பதிலுக்கு அடிப்போம். நல்ல மெக்கானிக் சயா (ஆசான்), வண்டி வாங்கியதும் விளக்கை ஒரு இழை கீழே இறக்கிவிடுவார். அதைச் செய்யாமல் ஓடும் வண்டிகளே அதிகம்.

நியாயமாகச் சொன்னால் வலப்பக்க ஸ்டியரிங்குக்கும் ஒரு சுகம் உண்டு. ரங்கூன் நடுநகரத்தின் எண் போட்ட சந்துகளில் வண்டியை ஓரம் கட்டினால் ஓட்டுநர் நேராக நடைபாதையில் இறங்கலாம். இடப்பக்க ஸ்டியரிங்காரர் கதவைத் திறக்கும்போது பின்னால் வரும் டாக்ஸியைப் பார்த்துத் திறக்க வேண்டும். மழைக்காலத்தில் திறந்த சாக்கடை எங்கே முடிகிறது என்பதும் வலது சீட்டிலிருந்து துல்லியமாகத் தெரியும். நகரத்துக்குள்ளேயே சுற்றுகிற ஆளாக மச்சான் இருந்தால் இந்தக் கட்டுரையை இங்கேயே முடித்து, ப்ரோபாக்ஸ் என்று சொல்லியிருப்பேன்.

ப்ரோபாக்ஸ் மேல் எனக்கு ஒரு காதலே உண்டு என்பதை மறைக்கப் போவதில்லை. 2002இல் டொயோட்டா இதை ஜப்பானியக் கம்பெனிகளின் விற்பனையாட்களுக்காகச் செய்தது. அழகுக்கு ஒரு மடிப்புக்கூட இல்லை. தீப்பெட்டியைக் குப்புறப் போட்டு நான்கு சக்கரம் வைத்த மாதிரி இருக்கும். ஆனால் உட்கார்ந்து பாருங்கள், செய்தவன் அந்த விற்பனையாள் கூடவே ஒரு வாரம் சுற்றியிருக்கிறான் என்று தெரியும். டாஷ்போர்டிலிருந்து ஒரு பலகை வெளியே வரும். அதில் சோற்றுப் பொட்டலத்தையும் வைக்கலாம், கணக்கு நோட்டையும் வைத்து எழுதலாம். பின்பக்கம் சக்கர மேடுகளைத் தவிர எங்கும் புடைப்பு இல்லாத தட்டையான தரை. பின்சீட்டை மடித்தால் ஏறக்குறைய ஆறடி நீளம். 400 கிலோ வரை ஏற்றலாம் என்று கணக்கிட்டுச் செய்த வண்டி. மேல்பர்மாவில் இது ஷேர் டாக்ஸியாக ஓடி வாங்கும் அடியைப் பார்த்தவர்களுக்கு அந்த 400 சும்மா பேச்சுக்கு என்று தெரியும்.

பின்சீட்டைப் பற்றி எல்லாரும் திட்டுவார்கள். முதுகு நட்டமாக, மெத்தை அப்பளம் மாதிரி, முழங்கால் மோவாயில் இடிக்கும். அது கஞ்சத்தனம் இல்லை. ஜப்பானில் சரக்கு வண்டியாகப் பதிவு செய்தால் வரி குறைவு. அப்படிப் பதிய வேண்டுமென்றால் சரக்கு வைக்கும் இடம் ஆள் உட்காரும் இடத்தைவிடப் பெரிதாக இருக்க வேண்டும் என்பது அங்கே விதி. எனவே பின்சீட்டைத் தூக்கி முன்னால் தள்ளி நசுக்கிவிட்டார்கள். இதே ப்ரோபாக்ஸில் வேகன் என்று ஒரு ரகமும் முன்பு வந்தது, அதில் பின்சீட் மனிதத்தனமாக இருக்கும். கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம், ஆனால் வைத்திருப்பவர் எளிதில் விற்க மாட்டார்.

எஞ்சின் 1என்இசட்-எஃப்இ, 1496 சிசி, 109 குதிரைசக்தி. காதில் கேட்கிற மாதிரி சுவாரசியம் எதுவும் கிடையாது. ஆயிரம் கிலோ சொச்சம் எடையுள்ள வண்டிக்கு அது தாராளம். டைமிங் பெல்ட் இல்லை, செயின். விட்ஸ், ஃபீல்டர் என்று டொயோட்டா கையில் கிடைத்த வண்டிக்கெல்லாம் இதே எஞ்சினைப் போட்டது. தாய்லாந்து வியோஸிலும் இதுதான். அதனால் தாய்லாந்திலிருந்து வரும் சாமான், ஜப்பானில் கழற்றிய பழைய சாமான், சீனத்து டூப்ளிகேட் என்று மூன்று தரத்திலும் பாகம் கிடைக்கும். தாய்லாந்திலும் ஸ்டியரிங் வலப்பக்கம் என்பதால் ஸ்டியரிங் பக்கத்துச் சாமான்களுக்கும் அங்கே பஞ்சமில்லை. 92 ஆக்டேன் பெட்ரோல் போதும். பெகுவிலிருந்து டவுங்கூ வரை எந்தச் சாலையோரக் கொட்டகையில் நிறுத்தினாலும் அங்கிருக்கும் பையனுக்கு இந்த எஞ்சின் கைப்பாடம். வண்டியை நேசிக்கிறவன் சொல்கிறேன்: நடுவழியில் நிற்கும்போது குதிரைசக்தி எல்லாம் கதை, அந்தப் பையன்தான் நிஜம்.

வாங்கும்போதுதான் ஜாக்கிரதை. ஜப்பானில் சரக்கு வண்டிக்கு முதல் தகுதிச் சோதனை இரண்டு வருடத்தில், பிறகு ஆண்டுதோறும். சாதாரண காருக்கு இதைவிட இடைவெளி அதிகம். ஆகவே ப்ரோபாக்ஸ் எல்லாம் ஒழுங்காக ஆயில் மாற்றிய வண்டிகள், அது நல்லது. கம்பெனி வண்டிகள், அதனால் ஓட்டு ஓட்டென்று ஓட்டியிருப்பார்கள், அது கெட்டது. மீட்டர் சொல்லும் கிலோமீட்டரை நான் நம்புவதே இல்லை. முன்பு ஒரு தரகரிடம் இதன் இரட்டைப் பிறவியான சக்ஸீட் ஒன்று வாங்கினேன். மீட்டரில் 82,000. சீட் உறைகூடக் கசங்கவில்லை. மூன்று மாதம் கழித்து, கதவுத்தூணில் ஒட்டியிருந்த அழுக்கைச் சுரண்டினால் உள்ளே ஒரு சின்ன ஸ்டிக்கர். ஜப்பான் பட்டறைகள் ஆயில் மாற்றியதும் தேதியும் கிலோமீட்டரும் எழுதி ஒட்டுவது. எழுத்து புரியாவிட்டால் என்ன, எண் புரியுமே: 1,63,000. தரகரிடம் போனால், "அது வேற வண்டி ஸ்டிக்கரா இருக்கும் அண்ணே" என்றார். கதவுத்தூணையே அறுத்து வேறு வண்டியில் ஒட்டினால்தான் அது நடக்கும். நான் சிரித்துவிட்டு வந்துவிட்டேன், வேறென்ன செய்வது.

ஆகவே மச்சான், கதவுத்தூணையும் எஞ்சின் மூடியின் உட்புறத்தையும் நகத்தால் சுரண்டிப் பாருங்கள். ஜப்பானின் பனிப்பிரதேச வண்டி என்றால் சாலையில் தூவிய உப்பு அடித்தகட்டைத் தின்றிருக்கும், படுத்துப் பார்க்காமல் பணம் கொடுக்க வேண்டாம். காலையில் குளிர்ந்த எஞ்சினைத் திருகும்போது செயின் ஒரு நொடிக்கு மேல் கடகடத்தால் நடையைக் கட்டுங்கள். ஆயில் குச்சியையும் பாருங்கள். வயதான 1என்இசட் ஆயில் குடிக்கும், கொஞ்சம் குடித்தால் பரவாயில்லை, குடிகாரனாக இருந்தால்தான் தொல்லை. டயரின் பக்கவாட்டில் LT என்ற எழுத்து இருக்க வேண்டும், சரக்கு வண்டிக்கான கெட்டி டயர் அது. காசு மிச்சம் என்று சாதாரண கார் டயர் போட்டு, உளுந்தும் ஏற்றி, மண்டலே எக்ஸ்பிரஸ் சாலையின் சூடான கான்கிரீட்டில் விரட்டினால் என்ன ஆகும் என்று அந்த 366 மைலில் கிடக்கும் டயர் துண்டுகளே சொல்லும்.

இன்னொன்று, பெரிய விஷயமில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். சாவியைத் திருப்பியதும் ஒரு ஜப்பானியப் பெண் குரல் ஏதோ சொல்லும். டோல் கார்டு செருகவில்லை என்று பல வருடங்களாக அவள் கெஞ்சிக்கொண்டிருக்கிறாள், யாருக்கும் புரிவதில்லை. ரேடியோவும் ஜப்பான் அலைவரிசை, 76இலிருந்து 90 வரைதான். ரங்கூன் சிட்டி எஃப்எம் 89 என்பதால் தப்பித்தது, 90க்கு மேல் இருப்பதெல்லாம் கேட்காது.

எர்டிகாவுக்கு வருவோம். தமிழ்நாட்டில் இதைப் பற்றித் தெரியாதவர் இல்லை, மாருதி என்று சொன்னால் போதும். ஏழு சீட், இங்கே இரண்டாம் தலைமுறை ரகத்துக்கு 1462 சிசி கே15பி எஞ்சின், 105 குதிரைசக்தி, நான்கு கியர் ஆட்டோமேட்டிக். தாளில் பார்த்தால் ப்ரோபாக்ஸுக்குச் சமம். எடை கூடுதல் என்பதால் ஆள் நிரம்பிய எர்டிகாவின் பெடலை அழுத்தினால் முதலில் சத்தம்தான் வரும், வேகம் கொஞ்சம் யோசித்து வரும். பொற்பாறைப் பகோடாவுக்குப் போக, மலையடிவாரக் கின்புன் வரை குடும்பத்தோடு ஒருமுறை நண்பரின் எர்டிகாவில் போனேன். மேட்டில் அது மூச்சு வாங்கியதை நான் கவனித்தேன், பின்னால் இருந்தவர்கள் ஒருவர்கூடக் கவனிக்கவில்லை. காரணம், கூரையில் இரண்டாம் வரிசைக்கென்று தனியாக ஏசி காற்று வருகிறது. ஏப்ரல் வெயிலில் ப்ரோபாக்ஸ் பின்சீட்டில் உட்கார்ந்து கோயிலுக்குப் போன தங்கச்சியிடம், அதாவது மச்சான் மனைவியிடம், கேளுங்கள், காரின் வடிவமைப்பு என்பது என்ன என்று அவள் சொல்வாள்.

தரையிலிருந்து உயரமும் எர்டிகாவுக்கு அதிகம். உளுந்து அறுவடை நேரத்தில் வயல்பாதையில் இறங்கும் மச்சானுக்கு அது உதவும். மூன்றாம் வரிசையை மடித்தால் சாம்பிள் பைகள் போக நாலைந்து மூட்டை கிடக்கும். ஆனால் தரை விரிப்பு ஜமுக்காளத் துணி மாதிரி, சரக்குக்கு ஆனதில்லை. உளுந்துத் தூசி அதில் ஏறினால் எந்த வேக்குவமும் எடுக்காது, மேலே ரப்பர் விரிப்பு போட்டே ஆக வேண்டும். ப்ரோபாக்ஸை உதறினால் போதும்.

பழுது விஷயத்தில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. "ஊர்ல மாருதி சாமான் கொட்டிக் கிடக்கு, சென்னையிலேர்ந்து உளுந்து ஏஜண்ட் வரும்போது கொண்டாரச் சொல்லிடலாம்" என்று மச்சான் கணக்குப் போடுகிறார். பாதி சரி. ஃபில்டர், பிளக், எஞ்சினுக்குள் போகும் பாகங்கள் பெரும்பாலும் பொருந்தும். ஸ்டியரிங் ரேக், முகப்பு விளக்கு, வைப்பர் இணைப்பு, டாஷ்போர்டு ஆகியவை பொருந்தாது. இந்தியாவிலும் இந்தோனேசியாவிலும் ஓடுவது வலப்பக்க ஸ்டியரிங் எர்டிகா. எது அடிபட்டால் செலவோ அது இங்கேயேதான் வாங்க வேண்டும், கம்பெனி சர்வீஸ் விலையில். அதேசமயம் மீட்டர் பொய் சொல்லாத வண்டி, முதல் கையாகவோ இரண்டாம் கையாகவோ வரலாறு தெரிந்து வாங்கலாம். ப்ரோபாக்ஸில் நமக்குத் தெரிவது அது ரங்கூன் துறைமுகத்தில் இறங்கிய நாளுக்குப் பிந்தைய கதை மட்டுமே.

வேறு வண்டியே இல்லையா என்றால், இருக்கிறது. ஹோண்டா ஃபிட்டை மச்சானின் மகன் சொல்கிறான். உள்ளே இடத்தை மடக்கி விரித்திருக்கும் சாமர்த்தியத்துக்கு அதற்கு ஈடில்லை, பெட்ரோல் டாங்கை முன்சீட்டுக்குக் கீழே கொண்டுபோன மூளைக்கு நான் சலாம் போடுவேன். ஆனால் தாழ்வான வண்டி, சிவிடி என்ற படியில்லா ஆட்டோமேட்டிக் கியருக்கு அதற்கென்ற ஆயிலைத் தவிர வேறு ஊற்றினால் நடுங்கத் தொடங்கும், ஹைப்ரிட் ரகமோ ஜப்பானிலேயே திரும்பத் திரும்பத் திருப்பி அழைக்கப்பட்டது. வயல்பாதைக்கு வேண்டாம். மின்சாரக் கார்களுக்கு 2022 நவம்பரில் சுங்க வரியைத் தூக்கிவிட்டார்கள், சீனத்து பிஒய்டி வண்டிகள் ரங்கூனில் சத்தமில்லாமல் ஓடுகின்றன, ஓட்டிப் பார்த்து நானே அசந்துபோனேன். பெகுவில் மச்சான் வீட்டில் கரண்ட் எப்போது வரும் என்று அவருக்கே தெரியாது. மாவு அரைக்கவே ராத்திரி ஒரு மணிக்கு எழுந்திருக்கிற வீட்டில் காருக்கு எங்கே சார்ஜ் போடுவது. என்னுடைய 2002 மார்க் டூவைக் கேட்டும் ஒரு தூது வந்தது. ஆறு சிலிண்டர் வரிசையாக நின்று சுழலும் அந்த எஞ்சின், பின்சக்கரம் தள்ளும் அந்த நடை, அதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை சமாசாரம். பெட்ரோல் குடிப்பதை என் மனைவியிடமே நான் சரியாகச் சொல்வதில்லை. தர மாட்டேன்.

விற்பனையை இப்போதே யோசிக்க வேண்டும், ஏனென்றால் மச்சான் எந்த வண்டியையும் ஐந்து வருடத்துக்கு மேல் வைத்துக்கொள்கிற ஆளில்லை, ஏடி வேன் ஒன்றுதான் விதிவிலக்கு. ரங்கூன் ஹந்தாவடிப் பக்கம் கார் வைங் என்ற தரகர் வட்டம் நடந்த காலத்திலிருந்து நான் பார்த்து வருவது: இங்கே முதலில் விலை பேசுவது நம்பர் பலகை. ஒய்ஜிஎன் என்று ரங்கூன் எழுத்து இருந்தால் ஒரு விலை, பிஜிஓ என்று பெகு எழுத்து இருந்தால் இன்னொரு விலை. நகரத்தில் வண்டி நிறுத்த இடம் காட்டிச் சான்று வாங்கினால்தான் புதிதாக ரங்கூன் பதிவு என்று ஆனதிலிருந்து அந்த இடைவெளி பெரிதாகிவிட்டது. எண்களைக் கூட்டினால் ஒன்பது வந்தால் அதற்கும் ஒரு கூடுதல். இரண்டாவது, ஓனர் புக். அதில் இருக்கும் பெயரும் எதிரில் நிற்கும் ஆளும் ஒன்றுதானா என்று பாருங்கள். பெயர் மாற்ற வரிக்குப் பயந்து, கைமாறிக் கைமாறி, முதல் ஓனர் எங்கே என்றே தெரியாத வண்டிகள் ஏராளம். பதிவு இலாகாவான கஞனவில் சேஸிஸ் நம்பரைத் தேய்த்து ஒப்பிட்டுப் பார்க்காமல் முன்பணம் வேண்டாம். பதிவே இல்லாமல் எல்லை தாண்டி வந்த விதவுட் வண்டியை யாராவது பாதி விலைக்குக் காட்டுவார்கள், அந்தப் பாதியும் ஒருநாள் சோதனைச்சாவடியில் போய்விடும்.

ப்ரோபாக்ஸின் விலை ஏன் விழவில்லை என்று மச்சான் ஆச்சரியப்படுகிறார். இனி வரத்து இல்லை, இருப்பதை எல்லாரும் பழுது பார்க்கிறார்கள், பிறகு ஏன் விழும்? வெள்ளை ப்ரோபாக்ஸை வைங்கில் நிறுத்திவிட்டு டீக்கடைக்குப் போய் ஒரு பராட்டா தின்று வருவதற்குள் நாலு பேர் டயரை உதைத்துப் பார்த்திருப்பார்கள். எர்டிகாவை வாங்க வருகிறவர் குடும்பஸ்தர், மனைவியைக் கூட்டி வருவார், இரண்டு வாரம் யோசிப்பார். விற்க நாளாகும், நஷ்டம் அதிகமிருக்காது.

பணக் கணக்கில், கையிலிருப்பதற்குள் ப்ரோபாக்ஸ் முடிந்துவிடும். எர்டிகா என்றால் தங்கச்சியின் வளையலையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

இதுவரை கூட்டிப் பார்த்தால் ப்ரோபாக்ஸ்தான். சரக்கு, பழுது, விற்பனை, விலை எல்லாம் அந்தப் பக்கம். நானும் போன வாரம் வரை மனதுக்குள் அப்படித்தான் முடித்து வைத்திருந்தேன். ஷ்வெஞவுங்பின் ஆலமரத்தடியில் புது வண்டியை மூன்று முறை முன்னும் பின்னும் நகர்த்தி நாட் தேவதைக்குக் கும்பிடு போட வேண்டும், பிறகு நம் முனீஸ்வரனுக்கு எலுமிச்சம்பழம் நசுக்க வேண்டும், எந்த நாள் என்றுகூட யோசித்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை பெகு போனபோது மச்சானோடு வாவ் சாலையில் ஏடி வேனில் போனேன். சித்தவுங் பாலத்துப் பக்கம் போகும் அந்தச் சாலை லாரிகளுக்கே போதாது. வழக்கமாக அவர் பக்கத்தில் கடைப்பையன் இருப்பான், பதினாறு வயதிலிருந்து மச்சானிடம் வேலை பார்த்தவன், மூட்டையும் தூக்குவான், இடது சீட்டிலிருந்து சாலையும் சொல்வான். அவன் குரலை வைத்தே மச்சான் இத்தனை வருடம் லாரிகளை முந்தியிருக்கிறார். அவன் தாய்லாந்துக்குப் போய் ஆறு மாதமாகிறது. அந்த வயதுப் பையன்கள் இப்போது ஊரில் தங்குவதில்லை. மகன் ரங்கூனில் படிக்கிறான். விடியுமுன் சந்தைக்குப் போகிற மனிதர் இப்போது தனியாகத்தான் போகிறார், இடது சீட்டில் சாம்பிள் பைகள். அன்றைக்கு அந்த இடத்தில் நான் உட்கார்ந்திருந்தேன். ஒரு மரலாரிக்குப் பின்னால் அவர் பழக்கத்தில் வண்டியை இடப்பக்கம் எடுத்தார், என்னைக் கேட்கவில்லை. "வருது" என்று நான் கத்திய பிறகுதான் உள்ளே வந்தார். சிரித்துக்கொண்டே, "பழகிப்போச்சு அத்தான், மெதுவா எட்டிப் பாத்துதான் எடுப்பேன்" என்றார்.

எட்டிப் பார்ப்பதற்கு ஐம்பத்திரண்டு வயதில் கழுத்து எவ்வளவு நீளும்?

ஆகவே மச்சான், எர்டிகா. புதுசு வேண்டாம், மூன்று நான்கு வயதானது, இங்கேயே சர்வீஸ் புத்தகத்தோடு இருக்கிறதாகப் பார்ப்போம். முதல் தலைமுறை 1.4 லிட்டர் எஞ்சின் வண்டியாக இருந்தாலும் பரவாயில்லை, விலை இறங்கும், ஸ்டியரிங் இருக்கும் பக்கம் ஒன்றுதான். கியர் ஆயில் கருத்திருக்கிறதா, ஏசியைப் போட்டதும் எஞ்சின் தடுமாறுகிறதா, முன்பக்கம் அடிபட்டு விளக்கு மாற்றியிருக்கிறார்களா என்பதை நான் பார்த்துக்கொள்கிறேன். இரண்டு விளக்கின் கண்ணாடியும் ஒரே அளவு மங்கியிருக்க வேண்டும், ஒன்று மட்டும் பளபளத்தால் விலையைக் குறைக்கலாம். பழக்கம் மாற ஒரு மாதம் பிடிக்கும். முதல் வாரம் வைப்பரைப் போடப் போய் இண்டிகேட்டர் எரியும், வலது ஓரத்தில் சாக்கடை எங்கே என்று தெரியாமல் வண்டியை நடுரோட்டில் நிறுத்துவீர்கள், ஆட்கள் திட்டுவார்கள்.

தெற்கு ஒக்கலப்பாவில் ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன். வெள்ளை, ஒய்ஜிஎன் பலகை, ஓனர் பெயரில்தான் புக் இருக்கிறது. சனிக்கிழமை காலை பஸ் பிடித்து வந்துவிடுங்கள், வேனை எடுத்துக்கொண்டு தனியாக வர வேண்டாம். இரண்டு மூட்டை உளுந்தைக் கூடவே போட்டுக்கொண்டு வாருங்கள், மூன்றாம் வரிசையை மடித்து ஏற்றிப் பார்த்துவிடலாம். வண்டி பிடிக்காவிட்டாலும் உளுந்து உங்கள் அக்காவுக்கு ஆகும்.